உங்களுக்குத் தெரியுமா? வாசலிலேயே பைக்குக்கு ஆயில் மாற்றம்

திருவண்ணாமலையில் இரு சக்கர வண்டி இல்லாத வீடு குறைவு. போளூர் சாலையில் பால் கேன் கட்டிக்கொண்டு போகிறவர், தேரடி வீதிக்குப் பூக்கூடை கொண்டுவருகிறவர், செங்கம் சாலையில் ஆசிரமம் தேடி வந்து மாதக்கணக்கில் தங்கும் வெளிநாட்டவர் எல்லாருக்கும் பைக்தான் கால். அந்த வண்டியின் ஆயுளைத் தீர்மானிப்பது எஞ்சினின் அடியில் கிடக்கும் ஒரு லிட்டர் ஆயில். அதை வீட்டிலேயே மாற்றுவது அரை மணி நேர வேலை. அந்த வேலையைச் சுற்றி எத்தனை சங்கதிகள்!

● கிரிவலப் பாதையின் நீளம் 14 கி.மீ. சாதாரண நாளில் பைக்கில் அரை மணி நேரத்தில் சுற்றிவிடலாம். தீபத் திருவிழா நெருங்கும்போது திண்டிவனம் சாலையிலோ வேலூர் சாலையிலோ ஊருக்குள் நுழைந்து பாருங்கள். முதல் கியர், இரண்டாம் கியர், மறுபடி முதல் கியர் என்று ஊர்ந்து, மீட்டரில் ஐந்து கி.மீ. ஏறுவதற்குள் எஞ்சின் ஒரு மணி நேரம் ஓடி முடித்திருக்கும். மீட்டர் எண்ணுவது தூரத்தை மட்டும். ஆயில் கெடுவதோ எஞ்சின் ஓடிய நேரத்திலும் பட்ட சூட்டிலும். நெரிசல், தூசி, அதிகச் சுமை, குட்டிக் குட்டிப் பயணம் என்று ஓடும் வண்டிக்குக் குறித்த கி.மீ. வருமுன்பே ஆயிலை மாற்றச் சொல்லிப் பல கையேடுகளில் ஒரு வரி இருக்கும். நம் ஊரில் இந்த நான்கும் ஒரே நாளில் கிடைக்கும். அந்த வரியை நமக்காகவே எழுதியதாக எடுத்துக்கொள்ளுங்கள்.

● 100 சிசி, 125 சிசி பைக்குகளில் பெரும்பாலானவை காற்றால் குளிர்பவை. சிலிண்டரைச் சுற்றியுள்ள அலுமினியத் தகடுகளில் காற்று பட்டால்தான் சூடு இறங்கும். வண்டி நின்றால் காற்றோட்டமும் நின்றுவிடும். பெட்ரோல் எரியும் கணத்தில் உள்ளே வெப்பம் 2,000 டிகிரி செல்சியஸைத் தாண்டுகிறது. பிஸ்டனோ 660 டிகிரிக்குள் உருகிவிடக்கூடிய அலுமினியக் கலவையால் ஆனது. அது உருகாமல் பிழைப்பதில் ஆயிலுக்குப் பெரிய பங்கு உண்டு. வழுக்க வைப்பது அதன் பாதி வேலை. சூட்டை வாங்கிக்கொண்டு போவது மீதி வேலை.

● ஆயிலின் வெப்பம் 10 டிகிரி கூடினால் அது ஆக்சிஜனோடு சேர்ந்து கெடும் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும். பொறியாளர்கள் வெகுகாலமாகக் கையாளும் தோராயக் கணக்கு இது. அக்னி நட்சத்திர வெயிலில் பேருந்து நிலையம் பக்கம் சிக்னலில் நிற்கும் வண்டிக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தும்.

● ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது! பெட்ரோலில் உள்ள ஹைட்ரஜன் காற்றின் ஆக்சிஜனோடு சேர்வதால் வரும் தண்ணீர் இது. பெரும்பகுதி ஆவியாகச் சைலன்சர் வழியே போய்விடும். கொஞ்சம் பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டிக் கீழே ஆயிலில் இறங்கும். எஞ்சின் நன்றாகச் சூடேறி நெடுநேரம் ஓடினால் அதுவும் ஆவியாகிவிடும். கடைக்குப் போய்த் தக்காளி வாங்கி, ஐந்தே நிமிடத்தில் வீடு திரும்பும் வண்டியில் அந்த ஈரம் ஆயிலிலேயே தங்கிவிடுகிறது. குறைவாக ஓடும் வண்டிக்கும் ஆண்டுக்கு ஒருமுறையாவது ஆயில் மாற்ற வேண்டும் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

● இறக்கிய ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது என்று பொருள். மழைநாளில் வெள்ளத்துக்குள் ஓட்டிய வண்டியில் இப்படி வரும். அப்படியே ஓட்டாதீர்கள், புது ஆயில் ஊற்றிச் சிறிது ஓட்டி, அதையும் இறக்கிவிட்டு மறுபடி ஊற்றுவதுதான் வழி.

● உலோகமும் உலோகமும் உரசாமல் ஆயில் எப்படித் தாங்குகிறது என்பது 1883-இல் ஒரு மரக்கட்டையால் தெரியவந்தது. இங்கிலாந்தில் பீச்சம் டவர் என்ற பொறியாளர் ரயில் சக்கர பேரிங்குகளை ஆராய்ந்துகொண்டிருந்தார். ஆயில் விடுவதற்காக பேரிங்கின் மேற்புறத்தில் ஓட்டை போட்டார். அச்சு சுழலத் தொடங்கியதும் அந்த ஓட்டை வழியே ஆயில் வெளியே பொங்கியது. மரத்தக்கையால் அடைத்தார், ஆயில் அதைத் தள்ளி வெளியேற்றிவிட்டது. அழுத்தமானியைப் பொருத்திப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது: சுழலும் அச்சு ஆயிலை இடுக்குக்குள் இழுத்துச் செல்கிறது, அங்கே எழும் அழுத்தமே அச்சைத் தூக்கி நிறுத்துகிறது. மூன்று ஆண்டு கழித்து, 1886-இல், ஆஸ்போர்ன் ரெய்னால்ட்ஸ் இதற்கான கணிதத்தை எழுதினார். இன்று உங்கள் பைக்கின் கேம் ஷாஃப்ட்டும் அதே தத்துவத்தில் ஆயில் படலத்தின் மேல்தான் சுழல்கிறது. உலோகம் உலோகத்தைத் தொடுவது பெரும்பாலும் கிளப்பும்போதும் நிறுத்தும்போதும்தான். காலையில் உதைத்துக் கிளப்பியவுடன் ஆக்சிலேட்டரை முறுக்கக் கூடாது என்று பெரியவர்கள் திட்டுவது இதனால்தான்.

● அந்தப் படலம் அறுந்துபோனால்? அதற்கும் ஏற்பாடு இருக்கிறது. துத்தநாகமும் பாஸ்பரஸும் கந்தகமும் சேர்ந்த ஒரு கூட்டுப்பொருளை 1940-களிலிருந்து எஞ்சின் ஆயிலில் கலக்கிறார்கள். உரசும் இடத்தில் மட்டும் அது ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு கனத்துக்குக் கண்ணாடி போன்ற பூச்சாகப் படிந்து, தான் தேய்ந்து உலோகத்தைக் காக்கிறது. நாளாக ஆக அது செலவாகித் தீர்ந்துவிடும். ஆயில் குறையாவிட்டாலும் மாற்ற வேண்டியிருப்பது ஏன் என்று கேட்பவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

● முதல் உலகப் போரில் பறந்த பல விமானங்களின் எஞ்சினுக்கு ஊற்றியது நம் வீட்டு விளக்கெண்ணெய்தான். சுழல் எஞ்சின் என்ற அந்த வகையில் விளக்கெண்ணெய் பெட்ரோலில் எளிதாகக் கரையாது என்பது பெரிய வசதி. நம் ஊர்ப்பக்கம் மாட்டுவண்டி அச்சுக்கு இட்ட மசகும் வைக்கோல் கரியை விளக்கெண்ணெயில் குழைத்துச் செய்ததே. பிறகு ஏன் கைவிட்டார்கள்? பழைய கோயில் விளக்கு மாடத்தில் விரலை வைத்துப் பாருங்கள். ஆண்டுக்கணக்கில் எண்ணெய் சிந்திய கல்லில் கறுத்த பிசின் ஒன்று இறுகிக் கிடக்கும். நகத்தால் சுரண்டினாலும் எளிதில் வராது. தாவர எண்ணெய் காற்றோடும் சூட்டோடும் சேர்ந்து அப்படித்தான் இறுகும். எஞ்சினுக்குள் அதே பிசின் படிந்தால் ரிங்குகள் ஒட்டிக்கொள்ளும்.

● ஆயில் டப்பாவில் 10 டபிள்யூ-30 என்று போட்டிருக்கிறதே, அதில் முதல் எண் குளிருக்கானது. பத்து என்ற தகுதியைப் பெற, உறைநிலைக்குக் கீழே 25 டிகிரியில் ஆயில் இளகி ஓடுகிறதா என்று சோதிப்பார்கள். மார்கழி அதிகாலையில் கிரிவலம் போகிறவருக்கு அப்படிப்பட்ட குளிர் ஒருநாளும் வாய்க்காது. நமக்கு முக்கியம் இரண்டாவது எண். அது 100 டிகிரி சூட்டில் ஆயில் எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதைச் சொல்கிறது. இதை வைத்து, ‘வெயில் ஊர்தானே, 20 டபிள்யூ-50 ஊற்றினால் இன்னும் நல்லது’ என்று முடிவுகட்டிவிடாதீர்கள். எஞ்சினுக்குள் இருக்கும் இடைவெளிகளும் ஆயில் பம்பும் குறிப்பிட்ட தடிமனுக்கு என்று கணக்கிட்டுச் செய்தவை. கையேட்டில் உள்ள எண்ணே உங்கள் எண்.

● காரில் ஊற்றும் ஆயில் நல்ல ஆயில்தான். ஆனால் பைக்குக்கு ஆகாது. காரில் கிளட்ச் பொதுவாக உலர்ந்த இடத்தில் இருக்கிறது. பைக்கில் கிளட்ச் பிளேட்டுகள் எஞ்சின் ஆயிலிலேயே ஊறிக் கிடக்கின்றன. பெட்ரோல் மிச்சமாகட்டும் என்று சில கார் ஆயில்களில் உராய்வைக் குறைக்கும் பொருளைச் சேர்ப்பார்கள். அது பைக்கின் கிளட்ச் பிளேட்டையும் வழுக்கவைக்கும். ஜமுனாமரத்தூர் ஏற்றத்தில் இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு போகும்போது எஞ்சின் அலறும், வண்டி நகராது. இதற்காகவே ஜப்பானியர் 1990-களின் இறுதியில் ‘ஜாசோ’ தரத்தைக் கொண்டுவந்தார்கள். கியர் வண்டிக்கு எம்.ஏ. அல்லது எம்.ஏ.2, கியரில்லாத ஸ்கூட்டருக்கு எம்.பி. டப்பாவின் பின்புறம் சின்ன எழுத்தில் இருக்கும். தேடிப் பார்த்து வாங்குங்கள்.

● பைக்கில் கியர்ப்பெட்டிக்கும் பெரும்பாலும் அதே ஆயில்தான். ஆயில் சூட்டிலும் கெட்டியாக நிற்பதற்காகச் சேர்த்திருக்கும் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளைக் கியர்ப் பற்கள் ஓயாமல் நறுக்கிக்கொண்டே இருக்கின்றன. புதிதாக ஊற்றியபோது 30 ஆக இருந்தது மெல்ல மெல்ல நீர்த்துப்போகிறது. ‘இப்பல்லாம் கியர் சரியா விழமாட்டேங்குதுண்ணே’ என்று மெக்கானிக்கிடம் சொல்லும்போது, அவர் முதலில் ஆயில் குச்சியை உருவிப் பார்ப்பது அனுபவத்தால்.

● ஸ்கூட்டருக்கு இரண்டு ஆயில். எஞ்சினுக்கு ஒன்று, பின்சக்கரத்தின் பக்கத்தில் உள்ள கியர்ப்பெட்டிக்குத் தனியாக ஒரு சின்ன டியூப் அளவு. இரண்டாவதைப் பலர் வண்டி விற்கும்வரை மாற்றுவதே இல்லை.

● பழைய வார்ப்பிரும்பு புல்லட்டுக்கு மூன்று! எஞ்சின், கியர்ப்பெட்டி, கிளட்ச் பக்கத்துச் செயின் கேஸ் என்று மூன்று அறைகள், மூன்று இடத்தில் ஆயில். அந்த வண்டி 1956 முதல் சென்னைத் திருவொற்றியூரில் தயாரானது. அதுவும் பாடல் பெற்ற சிவத்தலம் என்பதை அண்ணாமலையார் ஊர்க்காரர்கள் மகிழ்ச்சியோடு நினைத்துக்கொள்ளலாம்.

● செங்கம், ஊத்தங்கரை, கிருஷ்ணகிரி வழியே போனால் ஒசூர். அங்கிருந்து 1980-இல் வந்தது டிவிஎஸ் 50. மல்லாட்டை மூட்டையும் புல்லுக்கட்டும் சுமந்த அந்த வண்டிக்கும் அதன் வழிவந்த பழைய எக்ஸ்எல்லுக்கும் பெட்ரோலோடு ‘டூ டி’ ஆயிலைக் கலந்து ஊற்ற வேண்டும். அது எரிந்து புகையாய்ப் போய்விடும். 2015-இல் எக்ஸ்எல் 100 நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினோடு வந்தது. பெட்ரோலில் ஆயில் கலக்கும் வேலை போய், அடியில் ஆயில் மாற்றும் வேலை வந்தது. பழக்கதோஷத்தில் இன்னமும் சிலர் பெட்ரோலில் ஆயில் கலக்கிறார்கள். வேண்டாம், பிளக் கரிபிடிக்கும்.

● இனி வாசலில் உட்காரலாம். தேவையானவை: சரியான அளவு ரிங் ஸ்பேனர் (பல ஹீரோ, ஹோண்டா வண்டிகளுக்கு 17-ஆம் நம்பர்), அகலமான பழைய தட்டு அல்லது ஒருபக்கம் வெட்டிய கேன், புனல், அளவுக் குவளை, புது வாஷர், பழைய துணி, கையுறை. சமதளத்தில் சென்டர் ஸ்டாண்டு போடுங்கள். வாசல் சரிவாக இருந்தால் தெருவில் வேறு இடம் பார்ப்பது நல்லது.

● எஞ்சினை மூன்று, நான்கு நிமிடம் ஓடவிட்டு அணைத்துவிட்டு இறக்க வேண்டும். இளஞ்சூட்டில் ஆயில் இளகி, அடியில் தங்கிய கசடையும் சேர்த்துக்கொண்டு வரும். அண்ணாமலையாரைச் சுற்றிவிட்டு வந்த கையோடு செய்தால் கை வெந்துவிடும். சைலன்சர் வளைவு, ஆயில் இறக்கும் டிரெயின் போல்ட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

● மேலே உள்ள ஆயில் மூடியை முதலில் திறங்கள். காற்று உள்ளே போனால்தான் கீழே ஆயில் தடையில்லாமல் இறங்கும்.

● வீட்டில் ஆயில் மாற்றுகிறவர்கள் அதிகம் சேதம் செய்யும் இடம் டிரெயின் போல்ட்தான். எஞ்சினின் பக்கத்தில் குந்தி, மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டு ஸ்பேனர் போடும்போது திசை மாறித் தெரியும். போல்ட்டின் தலை தரையைப் பார்க்கிறது. தரையில் படுத்து, தலையை நேருக்கு நேர் பார்ப்பதாக எண்ணிக்கொண்டு இடஞ்சுழியாகத் திருப்ப வேண்டும். தப்பான பக்கம் திருப்பி, ‘இறுகிப்போச்சு’ என்று ஸ்பேனரில் குழாயைச் செருகி மிதித்தால் கதை முடிந்தது. போல்ட் எஃகு, அது ஏறும் கிராங்க் கேஸ் மென்மையான அலுமினியம். போவது அலுமினியத்தின் மரைதான். மரை போனால் லேத் பட்டறைக்கு ஓட வேண்டும்.

● திருப்பி மாட்டும்போது முதல் நான்கைந்து சுற்று விரலாலேயே ஏற வேண்டும். விரலால் ஏறாவிட்டால் போல்ட் கோணலாக நிற்கிறது. கழற்றி மறுபடி வையுங்கள். பல சிறிய பைக்குகளில் கடைசி முறுக்கு 25 நியூட்டன் மீட்டரை ஒட்டித்தான். கால் மீட்டர் நீள ஸ்பேனரின் முனையில் பத்து கிலோ எடையைத் தொங்கவிட்டால் என்ன விசையோ அவ்வளவு. உடம்பின் பலத்தையெல்லாம் காட்டும் வேலை இது அல்ல.

● போல்ட்டுக்கு அடியிலுள்ள செம்பு அல்லது அலுமினிய வாஷர் நசுங்குவதற்கென்றே செய்தது. நசுங்கித்தான் கசிவை அடைக்கிறது. ஒருமுறை நசுங்கியது மறுமுறை அதேபோல் நசுங்காது. புதிதுக்குச் சில ரூபாய்தான் ஆகும்.

● 1985-இல் வந்த ஹீரோ ஹோண்டா சிடி 100-இன் வழிவந்த ஸ்பிளென்டர் போன்ற எஞ்சின்களில் காகித ஆயில் ஃபில்டர் கிடையாது. ஒரு கம்பி வலைச் சல்லடை உண்டு; அதோடு கிராங்க் ஷாஃப்ட்டின் முனையில் ஒரு சிறு கிண்ணம் சுழலும். ஆயில் அதற்குள் புகும்போது கனமான கசடு சுழற்சியில் ஓரத்துக்கு ஒதுங்கி ஒட்டிக்கொள்ளும். மிக எளிய, மிக நல்ல அமைப்பு. ஆனால் ஆயிலை மட்டும் மாற்றிக்கொண்டே போனால் அந்தக் கிண்ணம் சுத்தமாகாது. வலப்பக்க மூடியைக் கழற்ற வேண்டும்; அதற்குப் புது பேக்கிங்கும் வேண்டும். இந்த ஒரு வேலையைப் பழகிய மெக்கானிக்கிடம் விடுவதே என் யோசனை. பல பஜாஜ் வண்டிகளிலும் புல்லட்டிலும் கழற்றி மாட்டும் ஃபில்டர் உண்டு. அவற்றுக்கு ஃபில்டரோடு சேர்த்து மாற்றுங்கள்.

● கையேட்டில் ஆயில் அளவு இரண்டு விதமாக இருக்கும். ஒன்று ஆயில் மாற்றும்போது ஊற்றுவது. இன்னொன்று எஞ்சினைப் பிரித்துப் பூட்டியபின் ஊற்றுவது. வாசலில் செய்பவருக்கு முதல் அளவு. எவ்வளவுதான் இறக்கினாலும் கொஞ்சம் பழைய ஆயில் உள்ளே சுவர்களில் ஒட்டிக்கொண்டே இருக்கும் என்பதால்தான் இந்த வித்தியாசம்.

● ‘கூட ஊற்றினால் நல்லது’ என்ற எண்ணம் தப்பு. அளவு மிஞ்சினால் கிராங்க் ஷாஃப்ட் ஆயிலைக் கடையும், நுரை கட்டும். நுரையில் காற்று இருக்கிறது. காற்று பேரிங்கைத் தாங்காது. மிஞ்சிய ஆயில் ஏர் ஃபில்டர் பக்கமும் பொங்கும், ஆயில் சீலிலும் கசியும்.

● ஆயில் குச்சியைத் திருகிப் பார்ப்பதா, திருகாமல் வெறுமனே நிறுத்திப் பார்ப்பதா? ஹீரோ, ஹோண்டா வண்டிகள் பலவற்றில் திருகாமல்தான் பார்க்க வேண்டும். திருகினால் குச்சி இன்னும் உள்ளே இறங்கி, இல்லாத ஆயிலை இருப்பதாகக் காட்டும். வேறு சில வண்டிகளில் குச்சியே இல்லை. வட்டக் கண்ணாடி வழியே மட்டம் தெரியும். எதுவானாலும் ஊற்றியவுடன் பார்க்காமல், எஞ்சினைச் சில நிமிடம் ஓட்டி அணைத்து, இரண்டு மூன்று நிமிடம் பொறுத்துப் பாருங்கள்.

● ஊற்றிய சில நாளிலேயே ஆயில் கறுத்துவிட்டதா? கடைக்காரரைச் சந்தேகிக்காதீர்கள். கழுவும் பொருளும், கசடைத் திரளவிடாமல் மிதக்கவைக்கும் பொருளும் நல்ல ஆயிலில் இருக்கின்றன. கரியைத் தன்னிடம் வாங்கிக்கொள்வதால்தான் கறுக்கிறது. பிசுபிசுப்பும் கருகிய வாசனையும் மணல் போன்ற நெருடலும் வந்தால் மட்டுமே அது காலம் கடந்த ஆயில்.

● புது வண்டியின் முதல் ஆயிலில் வெள்ளிப் பொடி போல மினுமினுப்பு இருக்கும். புதுப் பாகங்கள் ஒன்றோடொன்று பழகும்போது உதிர்வது அது. முதல் சர்வீஸ் சில நூறு கி.மீ.யிலேயே வருவது இதற்காக. ஆனால் பழைய வண்டியின் ஆயிலில் கண்ணுக்குத் தெரியும் உலோகச் சில்லு வந்தால் வண்டியைக் கிளப்ப வேண்டாம். உத்தரவாதக் காலத்தில் உள்ள வண்டியை வாசலில் கழற்றாமல் இலவச சர்வீஸுக்கே கொடுத்து, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

● காலியான டப்பாவை முழுசாகத் தூக்கிப் போடாதீர்கள். அதில் மட்டமான ஆயிலை அடைத்து மறுபடி விற்கிறவர்கள் இருக்கிறார்கள். அடியில் கத்தியால் ஒரு கீறல் போட்டுவிட்டால் யாரோ ஒருவருடைய எஞ்சின் தப்பிக்கும்.

● பழைய ஆயில் கையில் படலாமா? கூடாது. எஞ்சினுக்குள் வெந்த ஆயிலில் புற்றுநோயை உண்டாக்கக்கூடிய பல்வளைய ஹைட்ரோகார்பன்கள் சேர்ந்திருக்கும். எலிகளின் தோலில் இதைத் தொடர்ந்து தடவியபோது கட்டிகள் வந்தன. ஒரு நாள் பட்டதால் ஒன்றும் ஆகிவிடாது. சோப்புப் போட்டுக் கழுவினால் போதும். ஆனால் தினமும் இதிலேயே கை வைத்திருக்கும் பட்டறைப் பையன்களுக்கு யாராவது கையுறை வாங்கிக் கொடுத்தால் அது பெரும் புண்ணியம். பெட்ரோலில் கை கழுவும் பழக்கத்தையும் அவர்களிடம் எடுத்துச் சொல்லி நிறுத்த வேண்டும்.

● வேஸ்ட் ஆயிலை மாட்டுக்கொட்டகை மரத்துக்குக் கரையான் வராமல் பூசுவது, செயினுக்கு விடுவது, சாக்கடையில் கொசுவுக்கு ஊற்றுவது எல்லாம் நம் ஊரில் காலங்காலமாக உண்டு. மரத்தில் பூசினால் மாட்டின் உடம்பிலும் வாயிலும் ஒட்டும். செயினில் விட்டால் அதிலுள்ள உலோகத் துகளே செயினைத் தேய்க்கும். கொசுவுக்கு எண்ணெய் தெளிக்கும் முறை உண்மையானது. பனாமா கால்வாய் வெட்டியபோது அமெரிக்க ராணுவ மருத்துவர் வில்லியம் கோர்காஸ் மலேரியாவை ஒடுக்கிய வழிகளில் அதுவும் ஒன்று. இன்று சுகாதாரத் துறையினர் பயன்படுத்துவது அதற்கென்றே தயாரித்த எண்ணெய். எஞ்சினில் கழிந்தது அதற்கு மாற்றாகாது.

● ஒரு தேக்கரண்டி எண்ணெய் அரை ஏக்கர் நீர்ப்பரப்பை மூடும். இதைச் செய்து பார்த்தவர் பெஞ்சமின் பிராங்க்ளின். லண்டனில் கிளாப்பம் என்ற இடத்துக் குளத்தில் ஒரு தேக்கரண்டி எண்ணெயை விட்டார்; அது பரவிப் பரவி அரை ஏக்கர் அளவுக்கு நீரைச் சலனமின்றி ஆக்கியது. 1774-இல் இதை எழுதி வெளியிட்டார். தீபத்துக்குப் பின் தெப்பம் நடக்கும் நம் அய்யங்குளத்தை மனதில் வைத்துக்கொண்டு இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். உங்கள் பைக்கிலிருந்து இறங்குவது தேக்கரண்டி அல்ல, ஒரு லிட்டர்.

● அண்ணாமலை 2,668 அடி உயரப் பாறைமலை. பெய்த மழையில் பெரும்பகுதி நிற்காமல் அடிவாரத்துக்கு ஓடிவரும். அதைப் பிடிக்கத்தான் முன்னோர் மலையைச் சுற்றிக் குளமும் தீர்த்தமும் ஏரியுமாக வெட்டிவைத்தார்கள். சமுத்திரம் ஏரி நிறைந்தால் சுற்றுவட்டாரக் கிணறுகளில் தண்ணீர் ஊறும். அந்த நீர் வரும் வழியில்தான் நம் தெருக்களும் சாக்கடைகளும் இருக்கின்றன. வாசலோரம் கொட்டிய ஆயில் மண்ணில் ஊறி மறைந்துவிட்டதாகத் தோன்றும். ஐப்பசி மழையில் அது புறப்படும். ஒரு கார் ஆயில் மாற்றத்தில் இறங்கும் பழைய ஆயில் பத்து லட்சம் காலன் நன்னீரைக் கெடுக்க வல்லது என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை எச்சரிக்கிறது. ஒரு காலன் என்பது சுமார் 3.8 லிட்டர். போல்ட்டை முறுக்கியதோடு வேலை முடிந்துவிட்டது என்று எழுந்துபோகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனம் ஆறுவதில்லை. பாதி வேலைதான் முடிந்திருக்கிறது.

● இறக்கிய ஆயிலைப் புது ஆயில் வந்த டப்பாவிலேயே புனல் வைத்து ஊற்றி இறுக மூடலாம். தண்ணீர் பாட்டிலிலோ குளிர்பான பாட்டிலிலோ ஊற்றவே கூடாது. வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்கள். பெட்ரோல், மண்ணெண்ணெய், தண்ணீர் எதையும் அதோடு கலக்காதீர்கள். கலந்துவிட்டால் மறுசுத்திகரிப்புக்கு ஆகாமல் போகும். சிந்தியதைத் தண்ணீர் விட்டுக் கழுவாமல், மரத்தூளோ மணலோ போட்டு உறிஞ்சவைத்து அள்ளுங்கள்.

● பழைய ஆயில் சட்டப்படி அபாயக் கழிவு. 2016-இன் அபாயக் கழிவு விதிகள் அப்படித்தான் வகைப்படுத்துகின்றன. 2024 ஏப்ரல் 1 முதல், ஆயில் தயாரித்து விற்கும் நிறுவனங்களே விற்றதில் ஒரு பங்குக்கு ஈடாகப் பழைய ஆயிலின் மறுசுழற்சிக்குப் பொறுப்பேற்க வேண்டும் என்ற விதியும் நடைமுறைக்கு வந்துவிட்டது. திருவண்ணாமலை நகராட்சி 2024-இல் மாநகராட்சி ஆனது. குப்பையைத் தரம் பிரித்து வாங்குவது போல, பழைய ஆயிலையும் வார்டுக்கு ஓர் இடத்தில் வாங்கும் ஏற்பாடு வந்தால் வாசலில் ஆயில் மாற்றுகிறவர்கள் அத்தனை பேரும் பயன்படுத்துவார்கள். இன்றைக்கு உங்களுக்கு உள்ள வழி சர்வீஸ் சென்டர் அல்லது பீப்பாய் வைத்துச் சேர்க்கும் மெக்கானிக். ‘அண்ணே, இதையும் உங்க பீப்பாய்ல ஊத்திக்கிறீங்களா?’ என்று கேளுங்கள். அதைச் சுத்திகரிக்க உரிமம் பெற்றவர் வந்து எடுக்கிறாரா, செங்கல் சூளைக்கு எரிக்கப் போகிறதா என்றும் ஒரு வார்த்தை விசாரியுங்கள்.

● எஞ்சினில் கெட்டுப்போவது ஆயிலில் சேர்த்த பொருள்கள்தான். அடிப்படை எண்ணெய் பெரும்பாலும் அப்படியே இருக்கிறது. அழுக்கையும் நீரையும் பிரித்துச் சுத்திகரித்தால் மறுபடி எஞ்சினில் ஊற்றலாம். கச்சா எண்ணெயிலிருந்து இரண்டரை லிட்டருக்குச் சற்றுக் குறைவான எஞ்சின் ஆயில் எடுக்க ஒரு பீப்பாய், அதாவது 159 லிட்டர், வேண்டும். அதே அளவை எடுக்கப் பழைய ஆயில் 3.8 லிட்டர் போதும். நான்கு வீட்டு பைக்குகளின் பழைய ஆயில் சேர்ந்தால் அந்தக் கணக்கு ஏறத்தாழ நேராகிவிடும்.